மூன்று கெண்டி வெந்நீர்

நம் குடும்பங்களில் மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வது வரலாறு ஆகிவிடுகிறது. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன மாதம் சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மண்டபத்தில் பெரியப்பா வீட்டு மாப்பிள்ளைக்குச் சதாபிஷேகம் நடந்தது. சாப்பாட்டுப் பந்திக்கு முன் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எண்பது வயதிலும் குரல் நடுங்கவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்த வருஷம், இங்க துப்பாக்கிக்குக்கூட கங்கா ஸ்நானம் பண்ணி வெப்பாங்க, தெரியுமாங்க?" என்று ஆரம்பித்தார்.

மண்டபம் சிரித்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை என்பதால் இன்னொரு முறை இங்கிலீஷில் சொன்னார். இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிது.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைக் கேட்டுவருகிறேன். கல்யாணம், வளைகாப்பு, கருமாதிச் சாப்பாடு, எதுவும் பாக்கியில்லை. கதைச் சுருக்கம்: வீட்டில் ஒரு அருமையான பழைய துப்பாக்கி இருந்தது, ஒன்றும் தெரியாத ஒரு அத்தை அதற்குள் வெந்நீரை ஊற்றித் துருப்பிடிக்க வைத்துப் பாழாக்கினாள். நான் முப்பது வருஷம் செய்தித்தாள் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தும் வேலை பார்த்தவள். தவறு அச்சாகிவிட்டால் மறுநாளே, அதே பக்கத்தில், திருத்தம் போட வேண்டும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். தாமதத்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தகுந்த காரணம் எதுவும் இல்லை.

முதலில் துப்பாக்கியைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கதை சொல்லும் யாரும் அதைச் சொல்வதில்லை.

அது மார்ட்டினி என்ற வகை. பட்டாளத்துச் சரக்கல்ல, அதே அமைப்பில் வேட்டைக்காரர்களுக்காகச் சீமையில் செய்தது. பெரியப்பாவின் தாத்தா பொலாரத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்குத் தீவனம் சப்ளை செய்த காண்ட்ராக்டர். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு விற்றுவிட்டுப் போனது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாதான் போடலாம். கைப்பிடிக்கு அடியில் நீளமாக ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் 'களக்' என்று உள்ளே ஓர் இரும்புத் துண்டு இறங்கி, குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவைக் கட்டை விரலால் உள்ளே தள்ளி, லீவரை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். சுட்ட பிறகு மறுபடி லீவரைத் தள்ளினால் வெறும் பித்தளைக் கூடு துள்ளி வெளியே விழும். மரக்கட்டை முழுக்கக் கருத்துப்போயிருந்தது. கன்னம் படுகிற இடத்தில் மட்டும் மூன்று தலைமுறைக் கன்னங்களின் பளபளப்பு.

தோட்டாவின் கூடு என் நடுவிரலைவிட நீளம். அதைத் தூக்கிப் போடமாட்டோம். பொறுக்கி எடுத்துவந்து, புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்து, பின்பக்கத்தில் புதுக் கேப்பு பொருத்தி, கருமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தினால் அது மறுபடியும் தோட்டா. ஆபிட்ஸ் பக்கத்தில் ஒரு கடையில் லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டி மருந்து வாங்குவார்கள். லைசென்ஸ் பெரியப்பாவின் பெயரில். கடைக்குப் போவதும் சுடுவதும் அவர். மீதி எல்லா வேலையும் அத்தை.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. அல்வாலில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது இந்தக் குறிப்பின் விஷயமல்ல. துப்பாக்கி அலமாரியின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் அப்பா கொடுத்தது, பெரியப்பா திரும்ப வாங்கவில்லை. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்தச் சாவியும் ஒரு தையல் மெஷினும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளி சமயத்தில் அல்வாலைத் தாண்டி ஒரு கைவிட்ட கல் குவாரிக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவார்கள். வீடு திரும்பியதும், கைகால்கூடக் கழுவாமல், அத்தை செய்யும் முதல் வேலை துப்பாக்கிக்கு வெந்நீர். ஜெனரல் பஜாரில் ஒரு தகர வேலைக்காரரிடம் சொல்லிச் செய்த புனல் ஒன்று அவளிடம் உண்டு. அதன் மூக்கு முழங்கை போல வளைந்திருக்கும். லீவரைக் கீழே தள்ளி, அந்த மூக்கைக் குழலின் பின்வாயில் பொருத்தி, துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்து, கொதிக்கிற தண்ணீரைக் கெண்டியிலிருந்து ஊற்றுவாள். முதல் கெண்டிக்கு முனையிலிருந்து மை போலக் கறுப்பாக வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இரண்டாவது கெண்டிக்குச் சாம்பல் நிறம். மூன்றாவது கெண்டிக்குத் தெளிந்த தண்ணீர். அதற்குள் குழல் தொட முடியாத அளவுக்குச் சூடேறி இருக்கும். ஈரம் தானாகவே காய்ந்துவிடும். அதன் பிறகு அளவாக வெட்டிவைத்த ஃபிளானல் துண்டுகளைக் கம்பியில் கோத்து உள்ளே இழுத்துத் துடைத்து, கடைசியில்தான் எண்ணெய். இதெல்லாம் முடிந்து குழலை வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்க்கச் சொல்வாள். உள்ளே வரிவரியாகச் சுழன்று போகும் வெள்ளிப் பாதை தெரியும். தாத்தா காலத்திலிருந்து அந்தப் பாதை அப்படித்தான் இருந்தது. கதை சொல்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பத்து வயது நடந்த வருஷம் அக்காவுக்கு, அதாவது பெரியப்பா பெண்ணுக்கு, தலை தீபாவளி. மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். உப்பலில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நம் வீடுகளில் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் உட்காரும் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. அவர் காபியில் சர்க்கரை குறைவு என்றால் பெரியம்மாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. அவர் அலமாரியைப் பார்த்து, "இதை நானும் ஒரு தடவை சுட்டுப் பாக்கலாங்களா மாமா?" என்று கேட்டார். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு இல்லாத லைசென்ஸா.

தீபாவளி அன்று காலை பத்து மணிக்குப் பெரியப்பாவின் கறுப்புக் காரில் கிளம்பினோம். பெரியப்பா, அப்பா, மாப்பிள்ளை, அத்தை, நான். மற்றவர்கள் சமையலுக்கு. பன்னிரண்டு தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில். அந்த டின்னின் மூடிக்குச் சுண்ணாம்பு அடித்துக் குவாரிப் பாறையில் சாய்த்து வைத்தார்கள். அப்பா நூறு எட்டு எடுத்துவைத்து நடந்து ஒரு கோடு போட்டார்.

கருமருந்துத் தோட்டா வெடிப்பதைக் கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசு போல 'பட்' என்று இருக்காது. பெரிய மரக்கதவு ஒன்றை யாரோ ஓங்கிச் சாத்தியது போலச் சத்தமும் ஒரு தள்ளும் சேர்ந்து வரும். தோள் பின்னால் போகும். அடுத்த நொடி சுட்டவருக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும், அவ்வளவு புகை. காற்று இல்லாத நாளில் அது நகராது. குறியில் பட்டதா இல்லையா என்று சுட்டவருக்குத் தெரியாது. அதனால் ஒருவர் பத்தடி பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் அத்தையின் வேலைதான்.

பெரியப்பா நாலு குண்டு சுட்டார், மூன்று பட்டது. அப்பா மூன்று சுட்டார், ஒன்று பட்டது. எண்ணிக்கையை நான் ஒரு கல்லில் கரித்துண்டால் எழுதிக்கொண்டிருந்தேன். மீதி ஐந்து தோட்டா மாப்பிள்ளைக்கு.

முதல் குண்டு சுட்டுவிட்டுப் புகைக்குள்ளிருந்து, "பட்டுதுங்களா?" என்றார்.

"இல்ல மாப்ளே. வலது பக்கம், ஒரு முழம்," என்றாள் அத்தை.

இரண்டாவது இடது பக்கம். மூன்றாவது சுட்டதும் அவர் கேட்கவில்லை, சொன்னார். "இப்ப பட்டுருச்சு. டங்குன்னு சத்தம் கேட்டுச்சே."

"அது பாறைங்க மாப்ளே. மூடி வெச்ச எடத்துலயே இருக்குது."

"நல்லாப் பாருங்க அத்தை."

"நல்லாத்தான் பாத்தேன். மேல, ஒரு சாண்."

பெரியப்பா அத்தையின் பக்கம் திரும்பி, உதடு அசையாமல், "கைக்கு இந்த வம்பு உனக்கு? பட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்," என்றார். 'கைக்கு' என்றால் எங்கள் ஊர் உருதுவில் எதுக்கு.

"படலியேண்ணா."

நாலாவதும் படவில்லை. பாறைக்கு மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "க்யா சாப், பஹாட் கு மார்ரே க்யா?" என்று கத்தினார். மலையையா சுடுகிறீர்கள் என்று அர்த்தம். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் நான் கணக்கில் வரமாட்டேன். ஐந்தாவது குண்டு எங்கே போனது என்று அத்தை சொன்னாள், யாரும் கேட்கவில்லை.

ஒருவர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அதை எழுதக் கூடாது என்பதும் அலுவலகத்தில் கற்றதுதான். எது எதற்குப் பின்னால் நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன். பதினோரு மணிக்கு மேல் குவாரியில் அத்தை சிரித்தாள். ஒரு மணிக்கு வீட்டில் வெந்நீர் நிறுத்தப்பட்டது.

அத்தை பின்கட்டில் கெண்டியையும் புனலையும் எடுத்துவைத்துத் துப்பாக்கியின் லீவரைத் தள்ளியிருந்தாள். கை கழுவ வந்த மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"என்னங்க இது? ஸ்டீல்ல தண்ணிய ஊத்தறதா?"

"கருமருந்துங்க மாப்ளே. சுட்டா உள்ள உப்பு மாதிரி படியும். தண்ணியிலதான் கரையும்."

"மாமா, இங்க வாங்க!" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார். "எங்க ஃபேக்டரில லேத்து மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா சீட்டக் கிழிச்சிருவாங்க. இவங்க வெந்நியவே ஊத்தறாங்க. எண்ணெய்ங்க மாமா, எண்ணெய் மட்டுந்தான் போடணும்."

"எண்ணெய் கடைசில போடறதுதான் மாப்ளே. மொதல்ல உப்பு போவணும். ஊறுகா ஜாடில அவ்ளோ எண்ணெய் நிக்குது, அடியில உப்புக் கல்லு கல்லாவே கெடக்குதே. எண்ணெயில உப்பு கரையுமா?"

மாப்பிள்ளை சிரித்தார். "அத்தை, ஊறுகா வேற, மெட்டலர்ஜி வேற."

பெரியப்பா சிரித்தார். அப்பா சிரித்தார். சமையலறை வாசலில் நின்ற அம்மாவும் பெரியம்மாவும், மாப்பிள்ளை சிரித்ததால், சிரித்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. ஊறுகாய் ஜாடியை வைத்து அத்தை சொன்னது எந்த ரசாயனப் புத்தகத்திலும் நிற்கும். எதிரில் நின்றவர் இன்ஜினியர். அவர் படித்த படிப்பு அவருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் அறிந்தது மெஷின் எண்ணெய். அறியாதது கருமருந்து. அறியாததைத் தெரியாது என்று ஒருவர் சொல்ல முடியாதபடி நாம்தான் அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம்.

அவர் தன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு சின்ன எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து, துணியைக் கம்பியில் சுற்றி, குழலைத் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. இன்னொரு துணி. பிறகு எண்ணெய் தாராளமாக. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க மாமா, கண்ணாடி," என்றார். உண்மைதான், மின்னியது. எண்ணெய் பூசினால் எதுவும் மின்னும்.

கெண்டியில் இருந்த தண்ணீர் ஆறிப்போனது. அம்மா அதில் பாயசப் பாத்திரத்தைக் கழுவினாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அடுத்த நாளே எங்கோ கடலில் புயல் என்று சிகந்தராபாத்தில் மழை பிடித்துக்கொண்டது. அப்பளம் நமுத்தது, தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை. அத்தை பள்ளியிலிருந்து வந்ததும் அலமாரிக் கதவைத் தொட்டுப் பார்ப்பாள். மூன்றாம் நாள் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"அண்ணா, மழ விடல. உள்ள உப்பு தண்ணியக் குடிச்சிக்கும். ஒரே ஒரு கெண்டி ஊத்திடறேன்."

"நக்கோ, வேணாம். மாப்ள சொல்லிட்டார்ல."

"அவருக்கு இது தெரியாதுண்ணா. நம்ம அப்பா எப்டி செய்வாருன்னு நீயும்தான் பாத்திருக்கே."

பெரியப்பா பேப்பரை மடித்தார். "பொண்ணு குடுத்திருக்கோம். நாளைக்கு அவர் வந்து தெறந்து பாத்து, நான் சொன்னது இந்த வீட்ல செல்லுபடியாவலன்னு நெனச்சார்னா, அங்க அவளுக்காக யாரு பதில் சொல்றது? ஒரு துப்பாக்கி பெருசா, புள்ள வாழ்க்கை பெருசா?"

அத்தை இடுப்புச் சாவியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். பெண்ணைக் கொடுத்த வீடு என்பதால் கருமருந்து தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது என்று நான் இப்போது சொல்வேன். அன்று எனக்குப் பத்து வயது.

பன்னிரண்டாம் நாள், மழை விட்டு வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பெரியப்பாவும் அப்பாவும் ஆபீஸில் இருந்தபோது, அத்தை அலமாரியைத் திறந்தாள். பின்கட்டில் நான் மட்டும் இருந்தேன். லீவரைத் தள்ளினாள். 'களக்' என்று விழ வேண்டியது, தயங்கி இறங்கியது. புனலைப் பொருத்திக் கெண்டியைச் சாய்த்தாள்.

தண்ணீர் சிவப்பாக வந்தது.

கறுப்பாக வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது செங்கல் கரைத்த தண்ணீர். பின்கட்டுக் கல்லில் ஓடிச் சாக்கடை வாய் வரை ஒரு சிவப்புக் கோடு போட்டது. அத்தை கெண்டியை நிமிர்த்தினாள். "போச்சு," என்றாள். பிறகு மறுபடி ஊற்றினாள். இரண்டாவது கெண்டிக்கும் சிவப்பு, கொஞ்சம் வெளிறி. மூன்றாவதுக்குத் தெளிந்தது. துடைத்தாள், எண்ணெய் போட்டாள், வெளிச்சத்தில் பிடித்தாள். "வா, பாரு," என்றாள். வெள்ளிப் பாதை இருந்தது. ஆனால் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல அது முழுக்கக் குழி.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதா அத்தே?"

"சொல்லாதேன்னு நான் ஏன் சொல்லணும்? கேட்டா, உள்ளதச் சொல்லு."

அன்று மாலை பெரியப்பாவிடம் தானே சொல்வதற்கு அவள் இரண்டு முறை ஹால் வரை வந்ததைப் பார்த்தேன். ஹாலில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறையும் திரும்பிவிட்டாள். அவள் அந்தக் குடும்பத்துக்குச் செய்த மரியாதை அது. பின்னால் அதுவே அவள் திருட்டுத்தனத்துக்குச் சாட்சி ஆனது.

பொங்கல் சமயத்தில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்த மாப்பிள்ளை, பெரியப்பாவோடு கூடவே போனார். அங்கே ஒரு வயதான ஜமேதார், எந்தத் துப்பாக்கியானாலும் வாங்கும்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்பவர், லீவரைத் தள்ளிக் குழலை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப், அந்தர் பூரா ஜங் கா கயா," என்றாராம். உள்ளே முழுக்கத் துரு தின்றிருக்கிறது. ரசீதிலும் அதை எழுதிவிட்டார். அவர் செய்தது சரியான வேலை. பார்த்ததை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் விசாரணை. மாப்பிள்ளை அவருடைய நாற்காலியில். அக்கா கதவோரம். அத்தை நடுவில் நின்றாள்.

"நான் எண்ணெய் போட்டு வெச்ச பேரல் இப்படி ஆகாதுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "இதுல தண்ணி பட்டிருக்கு."

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். "ஊத்துனியா?"

"ஊத்துனேண்ணா. ஆனா அதுக்கு முன்னாடியே..."

"ஆனா கீனா நக்கோ. ஊத்துனியா, இல்லியா?"

"ஊத்துனேன்."

"நான் வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம்?"

"ஹவ்," என்றாள் அத்தை. அவள் அப்படிப் பேசமாட்டாள். தமிழில் ஆமாம் சொல்ல அன்று அவளுக்கு மனம் வரவில்லை போல.

பெரியப்பாவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை எதிரில் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன கெண்டி?"

"மூணு," என்றேன்.

சரியான எண்ணிக்கை. குவாரியில் கரித்துண்டால் கணக்கு எழுதியவள் அல்லவா, தப்பாகச் சொல்வேனா. சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. யாரோ 'மூணா!' என்று திருப்பிச் சொன்னார்கள், மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்துகொள்ளத் தைரியம் வந்தது. பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். யாரும் அதை வைக்கச் சொல்லவில்லை.

தேர்தல் முடிந்தும் பெரியப்பா துப்பாக்கியைத் திரும்ப வாங்கவில்லை. இனி சுட்டால் ஆபத்து என்று யாரோ சொன்னார்கள், லைசென்ஸை ஒப்படைத்துவிட்டார். அது என்ன ஆனது என்று தெரியாது. அந்தக் கோடை விடுமுறையில் அத்தை பள்ளிக்குப் பக்கத்தில் அல்வாலில் ஓர் அறை பார்த்துக்கொண்டு தையல் மெஷினோடு போனாள். பஸ் வசதி என்று காரணம் சொன்னார்கள். அத்தனை வருஷமும் அதே பஸ்ஸில்தான் போய்வந்தாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களில், பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் வேறு ஏதோ செய்திக்காக அலுவலகத்துக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்து, கருமருந்துத் துப்பாக்கியை எப்படிக் கழுவுவார்கள் என்று கேட்டேன். "கொதிக்கற தண்ணிம்மா, வேற என்ன? அன்னிக்கே ஊத்திடணும். எண்ணெய மட்டும் பூசினா அந்த உப்புக்குப் போர்வ போத்திவிட்ட மாதிரி, உள்ளுக்குள்ளயே தின்னும்," என்றார். ஒரு வாரத்தில் குழி விழுமா என்றேன். "மழைக் காலத்துல வாரம் எதுக்கு? ரெண்டு நாள் போதும்."

அன்று மாலையே அல்வாலுக்குப் போனேன். அத்தை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நீ சொன்னதுதான் சரி. விசாரிச்சிட்டு வந்தேன்."

மெஷினை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுமே அது. இத வந்து என்கிட்ட ஏன் சொல்றே? அவங்ககிட்ட சொல்லு."

சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த சமயம். பிறகு அக்கா பெண்ணின் கல்யாணம். பிறகு பெரியப்பா இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரணம் இருந்தது. மற்றவர்களின் பிழைகளை மறுநாள் காலைக்குள் திருத்தினேன். அத்தை எல்லா விசேஷங்களுக்கும் வந்தாள். கதை ஆரம்பித்ததும் எழுந்து பந்தி பரிமாறப் போய்விடுவாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் போனபோது அறையில் அந்தப் புனல் இருந்தது; மூக்கில் துணி சுற்றி, தையல் மெஷின் பெட்டிக்குள். இப்போது என் வீட்டில் இருக்கிறது. துருப்பிடிக்கவில்லை.

போன மாதத்து மண்டபத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை இரண்டு மொழியிலும் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, நம்பாதவர்களுக்காகச் சாட்சியைத் தேடினார். ஐம்பது வருஷமாக அந்தக் கதைக்கு ஒரே சாட்சிதான். இரண்டாவது வரிசையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதோ இருக்கா பாருங்க, கண்ணால பாத்தவ. பெரிய பத்திரிகைக்காரி, பொய் சொல்லமாட்டா. எத்தன கெண்டிம்மா?"

இருநூறு முகங்கள் திரும்பின. அக்கா மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் மாலையின் நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பேரன் எனக்கு முன்னால் மைக்கை நீட்டினான்.

"மூணு," என்றேன்.

மண்டபம் கைதட்டியது.

அதனால்தான் எழுதுகிறேன். அச்சில் வரட்டும்; அதற்குள் யாரும் சிரித்து இடைமறிக்க முடியாது. மூன்று கெண்டி என்பது சரி. ஊற்றியது பன்னிரண்டாம் நாள். ஊற்றுவதற்கு முன்பே குழல் போய்விட்டிருந்தது. முதல் கெண்டித் தண்ணீர் சிவப்பாக வந்தது, நான் பார்த்தேன். அது முதல் நாளே ஊற்ற வேண்டிய தண்ணீர். அத்தை ஊற்றத்தான் போனாள். நாம் சிரித்தோம்.